பின் வலது சக்கரம்

அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரைப் பட்டறைக்குள் ஏற்றுவதற்கே நான்கு பலகைகள் போட வேண்டியிருந்தது. அவ்வளவு தாழ்வாக இறக்கி வைத்திருந்தார் அதன் சொந்தக்காரர். இறக்கினதோடு விட்டாரா? நாற்பது நாளில் பின் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டையாகிவிட்டதாம். புது டயரை மாட்டிக்கொண்டு, "அலைன்மென்ட் மட்டும் பாத்துக் குடுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்று வந்து நின்றார். அஞ்சு நிமிஷமாம்! இவர்களுக்கெல்லாம் கடிகாரத்தை யார் கட்டிவிடுகிறார்களோ.

சக்கரங்களின் சாய்வைச் சரிசெய்யும் அலைன்மென்ட் வேலையைப் பார்ப்பது அவள்தான். பட்டறை அவள் அண்ணனுடையது. ஆனால் அலைன்மென்ட் மேடை அவளுடையது என்றுதான் ஒன்பது வருடமாக அவள் நினைப்பு. தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் குனிந்து கிடந்து, மட்டம் பார்த்துப் போட்ட மேடை அது. அன்றைக்கு அண்ணன் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

நான்கு சக்கரத்திலும் கிளாம்ப் மாட்டினாள். சக்கரத்தைக் கவ்விக்கொண்டு, அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று திரைக்குச் சொல்வது அதன் வேலை. அளவுக்குள் இருந்தால் திரையில் பச்சை, மீறினால் சிவப்பு. ஒரு மணி நேரம் போல்ட்டோடு மல்லுக்கட்டியதில் மூன்று சக்கரம் பச்சைக்கு வந்தது. பின் வலது மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"இதுக்கு மேல போல்ட்டு திரும்பாது சார்" என்றாள். "வண்டியை இவ்ளோ இறக்கினா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயத்தான் செய்யும். சக்கரத்தைத் தாங்கற கம்பியோட நீளத்தை மாத்தற மாதிரி தனி ஆர்ம் போட்டாதான் நிமிரும். வர பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா! நாளைக்குக் காலைல நான் ரேஸ் டிராக்ல நிக்கணும்மா. எல்லாம் பச்சையா ஒரு சீட்டு, மெக்கானிக் கையெழுத்தோட. அது இல்லாம கேட்டைத் திறக்க மாட்டாங்க."

அண்ணன் அவளை டயர் அடுக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"அவர் கிளப்புல இருபது வண்டி இருக்கு. எல்லாம் நம்மகிட்ட வரும். கிளாம்ப்புக்கு அடியில ஒரு வாஷரைச் சொருகு, போதும்."

வாஷரைச் சொருகினால் கிளாம்ப் நிமிர்ந்துவிடும், சக்கரம் சாய்ந்தபடியே, வேகத்தில் டயர் வெடிக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும், திரை ஏமாந்து பச்சை காட்டும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது.

"அதுக்கு வேற ஆளப் பாரு."

"முதலாளி சொல்றேன், கேக்க மாட்டியா?"

"இப்ப முதலாளியாப் பேசறியா, அண்ணனாப் பேசறியா?"

"ரெண்டும்தான்!"

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். முடியாது."

அண்ணனுக்குக் காது மடல் சிவந்தது. "அவ்வளவு திமிரா? நாளையிலேர்ந்து இந்த மேடைப் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது. பஞ்சர் ஒட்டற இடத்துல போய் நில்லு."

அவளுக்குப் பஞ்சர் ஒட்டுவது கேவலமில்லை. தன் கையால் மட்டம் பார்த்த மேடையில் வேறொருத்தன் நின்று வாஷர் சொருகுவதை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே, அதுதான் தாங்காது. ஆனாலும் வாயில் 'சரி' வரவில்லை. வராது.

நேராக வந்து வண்டிக்காரரை ஓட்டும் இருக்கையில் உட்காரச் சொன்னாள். தாழ்ந்த வண்டிக்கு ஆள் உட்கார்ந்தால் கணக்கே மாறும்.

"நான் எதுக்கும்மா? கீழயே நிக்கறேனே."

"டிராக்லயும் இறங்கி நடந்துதான் போவீங்களா? உக்காருங்க."

அவர் உட்கார்ந்ததும் சிவப்பு இன்னும் கூடியது. அதையும் வைத்தே மற்ற மூன்றையும் திருத்தினாள், ஸ்டியரிங்கை நேராக்கினாள், உள்ளதை உள்ளபடி அச்செடுத்து, மெக்கானிக் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் தன் பெயரைப் போட்டாள்.

போன் வந்து வண்டிக்காரர் வெளியே போனதுதான் தாமதம், அண்ணன் வாஷரோடு குனிந்தார். திரை பச்சைப் பசேலென்று ஆனது. இன்னொரு சீட்டு வந்து விழுந்தது. திரும்பி வந்தவருக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"பாத்தியாம்மா, அண்ணன் கை பட்டதும் ஆயிடுச்சு! ஒரு கையெழுத்து போட்டுடு."

அண்ணன் பேனாவை நீட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் பண்ணின வேலைக்கு நான் போட்டாச்சு. இது நீ பண்ணினது. நீயே போடு."

"யார் போட்டா என்ன? நீங்களே போடுங்க சார்" என்றார் வண்டிக்காரர்.

அண்ணன் பேனா முனையைத் தாளில் வைத்தார். ஒரு புள்ளி விழுந்தது. அவர் கண் பின் வலது சக்கரத்துக்குப் போய்விட்டு வந்தது. மறுபடியும் போனது. அந்தப் பார்வை போன வழியே வண்டிக்காரரும் பார்த்தார். அவர் சிரிப்பு மெல்ல வற்றியது.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"இல்ல... இங்க வழக்கமா தங்கச்சிதான் போடும்."

"நாளைக்கு என் பொண்ணு பக்கத்துல உக்காந்து வரேன்னு அடம் பிடிச்சிருக்கா. சரின்னு சொல்லியிருக்கேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இப்ப சொல்லுங்க. போடறீங்களா, மாட்டீங்களா?"

அண்ணன் பேனாவை மூடினார்.

வண்டிக்காரர் பச்சைச் சீட்டை மேஜையில் அப்படியே விட்டுவிட்டு, அவள் கையெழுத்துப் போட்ட சிவப்புச் சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆர்ம் வந்ததும் சொல்லும்மா. அதுவரைக்கும் டிராக் இல்ல" என்று சொல்லி, பலகைகளின் மேல் அங்குலம் அங்குலமாக வண்டியை இறக்கிக்கொண்டு போனார்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கும் நீயே மேடையில நில்லு" என்றார்.

"நீ போன்னு சொன்னப்பவே நான் போகறதா இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வண்டியை உள்ளே வரச் சொன்னாள்.