சொன்னேனே, அண்ணாச்சி

நம்பிராஜன் அந்தக் கதையை ஆரம்பித்ததுமே சுடலைக்குக் காது சூடாகிவிடும். மண்ணூர் டீக்கடைக்குப் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் போதும், அவர் தொடங்கிவிடுவார்.

"இவன் யாருன்னு நெனைக்கிய? நாங்குநேரியில இருந்து நாந்தான் கூட்டியாந்தேன். மொத நாளு வண்டியக் கையில குடுத்து வாலாஜாபாத் ரோட்டுல விட்டேன். முன்னால ஒரு கிலோமீட்டருக்கு வண்டி நிக்கி, பின்னால ஒருத்தன் விடாம ஆரன் அடிக்கான். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? எஞ்சின ஆஃப் பண்ணிட்டு எறங்கி, டயருமேல சாஞ்சு நின்னு அழுதுட்டான்! ‘அண்ணாச்சி, என்னைய ஊருக்கே அனுப்பிருங்க’ன்னு. ஏலே, இல்லன்னு சொல்லு பாப்போம்!"

கடை சிரிக்கும். சுடலையும் சிரிப்பான். நம்பிராஜன் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவனுக்கு இன்னொரு டீ சொல்வார். அந்தத் தட்டில் கள்ளம் இல்லை என்று சுடலைக்குத் தெரியும். கள்ளம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது செய்திருக்கலாம். இல்லாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஆறு வருஷமாக இருவரும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். மண்ணூரில் ஒரே அறையில் தங்கினார்கள். லாரி சேரப்பணஞ்சேரி நாகப்பனுடையது. பதினான்கு வருஷத்து வண்டி. ஒரகடத்தில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் கார் கதவுத் தகடுகளை ஏற்றிக்கொண்டுபோய் மறைமலை நகரில் இறக்க வேண்டும். காலை ஆறு முதல் இரண்டு வரை சுடலை, இரண்டு முதல் பத்து வரை நம்பிராஜன். ஒரகடத்தில் நாகப்பனின் ஷெட்டில் சாவி கைமாறும்.

ஐப்பசி பிறந்த வாரம் நாகப்பன் ஷெட்டுக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"புது வண்டி ஒண்ணு புக் பண்ணிக்கீறேன்பா. ஏசி கேபின். நம்பி, நீதான் எடுக்கப்போறே. சுடலை பழசையே ஓட்டிகினு இருக்கட்டும்."

"அதுதான் சரி மொதலாளி" என்றார் நம்பிராஜன். "இவன ஏசியில ஏத்துனா ஒண்ணு தூங்கிருவான், இல்ல அழுதுருவான்." பிறகு, ஏற்கெனவே பத்துத் தடவை கேட்டிருந்த நாகப்பனுக்கே அந்தக் கதையை முழுசாகச் சொன்னார். நாகப்பன் இருமல் வரும்வரை சிரித்தார்.

நான்கு நாள் கழித்து, காலையில் தண்ணீர் அளவு பார்க்க ரேடியேட்டர் மூடியைத் திறந்த சுடலை அப்படியே நின்றான். டேங்க் தண்ணீரின் மேல், ஆறிப்போன டீயில் படிகிற ஆடை மாதிரி ஒன்று மிதந்தது. விரலை விட்டால் பழுப்பு நிறத்தில் கூழாக ஒட்டியது. எஞ்சின் ஆயிலின் அளவுக் கம்பியை உருவினான். அளவு நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை.

போகிற வழியில் தாவீதின் பட்டறையில் நிறுத்தினான். தாவீது அந்தப் பக்கத்து ஆள். இருபது வருஷமாக லாரி எஞ்சினைத் தவிர வேறெதையும் தொடாதவர். கூழை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தார், மோந்தார்.

"ஆயில் கூலர் பூட்சுபா."

"வெளியில ஒழுகலியே?"

"வெளிய ஒழுகினா பரவால்லியே, கண்ணுக்குத் தெரியும். இது உள்ளாற. ஆயிலோட சூட்டத் தண்ணி வாங்கிக்கிறதுக்குத்தான் அந்தக் கூலரு. இந்தப் பக்கம் ஆயிலு, அந்தப் பக்கம் தண்ணி, நடுவுல தகடு. தகடு ஓட்டையாயிட்சு. வண்டி ஓட ஓட ஆயிலு தண்ணிக்குள்ள பூந்துகினே இருக்கும். இந்தக் கூழு போய் ரேடியேட்டர அடைச்சா எஞ்சின் வெந்துபூடும்."

"ஓட்டலாமா?"

"ஓட்டாத. ஒரு நாள் வண்டிய வுடு. கூலர மாத்தி, உள்ள பூரா கழுவித் தரேன். நாகப்பன்கிட்ட சொல்லிடு."

"சொல்லிருதேன்" என்றான் சுடலை.

சொல்லத்தான் நினைத்தான். தகடு ஏற்றும் இடத்தில் வரிசையில் நின்றபோது போனை எடுத்து நாகப்பனின் எண்ணை வரவழைத்தும் பார்த்தான். கட்டைவிரல் அதன்மேல் நின்றது. இப்போது சொன்னால் வண்டி ஒரு நாள் நிற்கும், தாவீது சரிசெய்துவிடுவார், அடுத்த மாதம் நம்பிராஜன் புது வண்டியில் ஏறுவார், டீக்கடையில் அந்தக் கதை ஓடும். சொல்லாவிட்டால்? என்றைக்கோ ஒரு நாள் எஞ்சின் சூடேறி இறுகிப்போய் நடுரோட்டில் நிற்கும். யார் ஷிஃப்டில் நிற்கிறது என்பதுதான் விஷயம். எஞ்சினைச் சாகடித்த டிரைவரை நாகப்பன் மறுநாள் ஷெட்டுக்குள் விட்டதில்லை.

போனைச் சட்டைப்பையில் போட்டான்.

அன்றிலிருந்து மூன்று நாள் அவன் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தான். ஒன்றரை மணிக்கு ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துவான். எஞ்சின் ஆறியதும் டேங்கில் மிதப்பதை ஒரு பிளாஸ்டிக் கப்பால் வழித்தெடுப்பான். சோப்புத்தூள் போட்டு வாய்ப்பக்கத்தைத் துடைப்பான். சுத்தமான தண்ணீரில் பச்சைக் கூலன்ட்டைக் கலந்து ஊற்றுவான். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கேனிலிருந்து ஆயிலைக் கம்பியின் மேல்கோடு வரை நிரப்புவான். கையைக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்குள் போவான். சூடு காட்டும் முள் இரண்டு வருஷமாகவே செத்துக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு வண்டியில் ஒரு குறையும் தெரியாது.

"வண்டி எப்படிலே?" என்பார் நம்பிராஜன்.

"நல்லாப் போவுது அண்ணாச்சி."

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் ஆகவில்லை. அன்று நம்பிராஜன் சாளை மீன் குழம்பு வைத்து, பாதியை அவனுக்கென்று மூடி வைத்துவிட்டு வந்திருந்தார். சுடலை அதைச் சாப்பிட்டான். குழம்பு நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் கூழ் கெட்டியாகி, வழிக்க வழிக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் மூடியை இறுக்கித் திருகிவிட்டான்.

அன்று மாலை நான்கு மணி சுமாருக்கு அவன் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஒரகடம் மேம்பாலத்துல உங்க வண்டி நிக்குது. டிரைவருக்கு அடிபட்டுப் போச்சு. அவர்தான் உங்க நம்பரச் சொன்னாரு, சீக்கிரம் வாங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை வரிசை. கூட்டத்தில் ஒருவன் நடந்ததைச் சொன்னான். பானெட்டிலிருந்து புகையாக வந்ததாம். பெரியவர் இறங்கிப் பத்து நிமிஷம் சும்மாதான் நின்றாராம். பின்னால் இருந்தவர்கள் ஆரன் அடித்துக் கத்தியதும், துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சமாகத் திருகிப் பார்த்தாராம். ஆவி வரவில்லையாம். வாய்ப்பக்கம் கூழ் அடைத்திருந்ததால் உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தது அவருக்குத் தெரியவில்லை. முழுசாகத் திருகியிருக்கிறார்.

நம்பிராஜன் நடுத்தடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம், கழுத்து, மார்பு, கைகள் எல்லாம் பழுப்புக் கூழ். யாரோ பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வெறும் கொதிநீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். இது எண்ணெயோடு சேர்ந்து அப்பிக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் வேகவைத்தது. ஒருவர் துணியால் துடைக்கப் போனார். துணியோடு தோலும் வந்தது.

"சுடலை வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "சுடலைக்குச் சொல்லியாச்சா?"

"வந்துட்டேன் அண்ணாச்சி" என்றான் சுடலை. அவன் குரல் கேட்ட பிறகுதான் அவர் கத்த ஆரம்பித்தார். அதுவரை அடக்கி வைத்திருந்தார் போல.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடது கண் போய்விட்டது என்று மறுநாள் சொன்னார்கள். ஊரிலிருந்து அவர் மனைவி நாச்சியார் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள்.

லாரியை இழுத்துக்கொண்டு போனது தாவீதுதான். எஞ்சின் இறுகிப் போயிருந்தது. நாகப்பன் பட்டறைக்கு வந்து அதைப் பார்த்தார். "இது நான் நாலு நாளு மின்னாடியே சொன்னதாச்சே" என்று தாவீது சொன்னதும், சுடலையை வரச்சொல்லி ஆளனுப்பினார்.

"இன்னாடா? தெரிஞ்சேவா ஓட்டினீங்க?"

தடுமாறப்போகிறோம் என்றுதான் சுடலை நினைத்தான். ஆனால் பதில் வெகு சுலபமாக வந்தது.

"அன்னைக்கே நம்பி அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன் மொதலாளி. உங்ககிட்ட பேசிக்கிடுதேன்னு சொன்னாரு."

"உன்னத்தானே நாகப்பன்கிட்ட சொல்லச் சொன்னேன்?" என்றார் தாவீது.

"அவரு சீனியரு. அவரத் தாண்டி நான் எப்படிப் பேச?"

தாவீது வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

மறுநாள் சுடலையையும் கூட்டிக்கொண்டு நாகப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே நின்று, மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்க்கும்படி பேசினார். "உன்னை நம்பி புது வண்டியே குடுக்க இருந்தனேய்யா! கூலர் பூட்சுன்னு இவன் சொல்லியும் ஓட்டிகினு போயிருக்கியே. எஞ்சின கொன்னுட்டே, உன்னையும் கெடுத்துகினே. ஒடம்பு சரியானா ஊரப் பாத்துப் போயிடு. இங்க வராத."

கட்டுக்கு வெளியே இருந்த ஒற்றைக் கண் மெல்லத் திரும்பி சுடலையிடம் வந்து நின்றது.

"எங்கிட்ட சொன்னியாலே?"

அது சண்டைக்குக் கேட்ட கேள்வி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த ஒரு நொடியில் சுடலைக்கு வேறு பதிலும் வாயில் இருந்தது.

"சொன்னேனே, அண்ணாச்சி. சாவி குடுக்கும்போது. நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீக. தலைய ஆட்டுனீக."

நம்பிராஜன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஞாபகத்தில் தேடுகிறார் என்று தெரிந்தது.

"இருக்கும்" என்றார் கடைசியில். "நீ சொல்லாம இருக்க மாட்ட. எனக்குத்தான் இப்ப எல்லாம் மறந்து மறந்து போவுது." கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் சேர்த்துத் தூக்கினார். "தப்பு எம்மேலதான் மொதலாளி. மன்னிச்சிருங்க. இவன ஒண்ணும் சொல்லிராதீக."

நாச்சியார் கால்மாட்டில் நின்றிருந்தாள். சுடலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது வண்டி கார்த்திகையில் வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, நாகப்பன் சாவியைச் சுடலையின் கையில் கொடுத்தார். கேபின் குளுகுளுவென்று இருந்தது. அவன் தூங்கவும் இல்லை, அழவும் இல்லை. நன்றாக ஓட்டினான். மண்ணூர் டீக்கடையில் அந்தப் பழைய கதையைச் சொல்ல ஆளில்லை. ஒரு நாள் புதிதாக வந்த தூத்துக்குடிப் பையன்கள் இரண்டு பேர் வண்டியைப் பற்றிக் கேட்டபோது, சுடலை வேறொரு கதை சொன்னான். "எங்க அண்ணாச்சி ஒருத்தர் இருந்தாரு. கூலர் போச்சு, ஓட்டாதீகன்னு தலையால அடிச்சுச் சொன்னேன். கேக்கல. பாவம், மூஞ்சி பூரா வெந்து போச்சு." அவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதை அவனுக்குச் சரளமாக வர ஆரம்பித்தது. சொல்லச் சொல்ல, சாவியை நீட்டியதும் நம்பிராஜன் தலையாட்டியதும் உண்மையில் நடந்தவை போலவே கண்ணில் தெரிந்தன.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில் நம்பிராஜனை அனுப்பிவிட்டார்கள். காலை ஷிஃப்ட் முடித்து, அறையிலிருந்த அவருடைய பெட்டியை எடுத்துக்கொண்டு சுடலை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போனான். நம்பிராஜனைக் கைத்தாங்கலாக ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தான். பக்கத்துச் சீட்டில் இருந்த குழந்தை அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டது. அதன் தாய் எழுந்து பின்சீட்டுக்குப் போனாள். நம்பிராஜன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தண்ணீர் பாட்டில் வாங்கவேண்டும் என்று நாச்சியார் கீழே இறங்கினாள். சுடலையும் கூட வந்தான்.

"தம்பி" என்றாள், கடையைப் பார்த்து நடந்துகொண்டே. "அவுக போன்ல பேசிக்கிட்டு இருந்தாகன்னு சொன்னியே."

"ஆமா மைனி."

"அந்த வாரம் பூரா அவுக போனு கண்ணாடி ஒடஞ்சு ரிப்பேர் கடையில கெடந்துச்சு. டீக்கடைக்காரரு போன்லதான் எங்கிட்ட பேசுனாக. மருந்து மயக்கத்துல அவுகளுக்கு அது ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு."

சுடலை நின்றுவிட்டான். ஒரே அறையில் இருந்தும், பொய் சொன்ன அந்த நொடியில் உடைந்த போன் அவன் நினைவுக்கு வரவில்லை. அவளும் நின்றாள். அவள் கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுககிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். கண்ணு போச்சு, வேலை போச்சு. இந்த ஊருல தனக்குன்னு நீ ஒருத்தன் இருக்கன்னு நெனச்சுக்கிட்டுப் போறாக. அதயும் நான் புடுங்கிட்டா அந்த மனுசன் எதைப் புடிச்சுக்கிட்டு உக்காருவாக?" பாட்டிலை வாங்கிக்கொண்டாள். "மாசத்துக்கு ஒருக்க போன் போடு. நல்லா இருக்கீகளான்னு கேளு. கேக்காம மட்டும் இருந்துராத."

"மைனி…"

"ஒண்ணும் சொல்லாத. நீ வாயத் தொறந்தா பொய்தான் வரும்."

அவள் படியேறினாள். பஸ் பின்வாங்கித் திரும்பியபோது ஜன்னலில் நம்பிராஜன் முகத்துத் துண்டை விலக்கிக் கையை வெளியே நீட்டினார். "வாரேம்லே சுடலை! ஒடம்பப் பாத்துக்கோ! நேரத்துக்குச் சாப்புடு!"

சுடலை கையை உயர்த்தினான். பஸ் போன பிறகும் உயர்த்திய கையோடு நின்றான். போன் அடித்தது, நாகப்பன். நாளைக்கு இன்னொரு லோடு, ஓவர்டைம் பார்க்க முடியுமா என்றார்.

"பாத்துக்கிடுதேன் மொதலாளி" என்றான்.