பதின்மூன்று புள்ளி இரண்டு

அன்று காலை எங்கள் மாடி அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் தம்பி, தம்பி மனைவி, எங்கள் தங்கையின் கணவர், ரேடியோ கிளப்பின் தலைவரான பல் டாக்டர், எல்லோரும் கொக்கி என்று கூப்பிடுகிற கோபுரம் ஏறும் எலக்ட்ரீஷியன், பேரிடர் துறையிலிருந்து வந்த பெண் அதிகாரி. எட்டாவதாக யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். நாற்காலி போட்டவன் நான். ஏழுதான் போட்டேன்.

எங்கள் வீட்டை அளவுக்காரர் வீடு என்பார்கள். அப்பா எடை அளவு ஆய்வாளர். அவருக்குப் பின் நானும் அதே வேலைக்குப் போனேன். அறுபது வருடம் இந்தக் கடைத்தெருவில் எங்கள் இருவரில் ஒருவருடைய முத்திரை விழாத படிக்கல் கிடையாது. கடைக்காரன் கொடுத்த காப்பியைக் கூட அப்பா குடித்ததில்லை. தம்பி மட்டும் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். வேலை முடிந்து வந்தால் மாடி ஏறி ரேடியோவின் முன் உட்கார்ந்துவிடுவான். அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. "சின்ன மச்சான் காத்துகிட்ட பேசறார். காத்துதான் பதில் சொல்ல மாட்டேங்குது" என்று தங்கை கணவர் வந்தபோதெல்லாம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

மலை உச்சியில் கிளப்புக்கு ஒரு ரிப்பீட்டர் உண்டு. கைக்கருவியில் பேசுகிற மெல்லிய குரலை வாங்கி, பலமாக்கித் திருப்பி அனுப்புகிற பெட்டி. ஆற்றின் கீழ்க்கரை மலைக்குப் பின்னால் இருக்கிறது. ரிப்பீட்டர் இல்லாவிட்டால் அங்கே இருப்பவனுக்கு இந்தப் பக்கம் பேசுவது கேட்காது. சூரியத் தகட்டில் ஏறும் பேட்டரியில் அது ஓடியது. முன்பெல்லாம் பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்க்கவே ஒருவர் ஒன்றரை மணி நேரம் மலையேற வேண்டும். தம்பி அதை வீட்டிலிருந்தே பார்க்கும்படி செய்தான்.

கணினித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் மலையிலிருந்து பேட்டரியின் வோல்ட்டை வாங்கும். இன்னொன்று அதை முள்ளாகக் காட்டும். மற்றொன்று, அந்த முள் பதினொன்றரைக்குக் கீழே இறங்கினால் ரிப்பீட்டரை மாற்று பேட்டரிக்குத் தாவச் சொல்லும். கட்டத்துக்குக் கட்டம் மவுஸால் கோடு இழுத்தால் போதும், ஒரு வரி எழுத வேண்டியதில்லை. வேலை செய்கிறதா என்று சோதிக்க, நாம் கொடுக்கும் எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லும் கட்டமும் ஒன்று உண்டு. கோடுகளை மாற்றியபின் மூலையிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பல மாலைகள் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று அவனுக்கும் தெரியாது. தினசரியைப் பிரித்து வைத்திருப்பேன்.

வெள்ளக் காலத்தில் அரசுக்குச் செய்தி சொல்லும் நிலையமாக எங்கள் மாடியை ஏற்கலாமா என்று பார்க்கத்தான் அந்த அதிகாரி வருவதாக இருந்தது. பத்து மணிக்கு வருவார். ஒன்பதுக்கு நான் மேலே போனபோது பேட்டரி முள் மஞ்சளில் நின்றது. பதினொன்று புள்ளி ஒன்பது.

"இது ஏன்டா மஞ்சளா இருக்கு?"

"பேட்டரிக்கு வயசாயிடுச்சுண்ணா. கொக்கி அடுத்த வாரம் ஏறி மாத்திடுவான்."

"அந்தம்மா வர்ற நேரத்துல மஞ்சளா?"

"உள்ளதத்தானே காட்டணும்? மஞ்சள்னா கெட்டுப்போச்சுன்னு இல்ல, பாத்துக்கோன்னு அர்த்தம். கேட்டா நானே சொல்லிடறேன்."

"மாப்பிள்ளை வர்றார்டா."

"அவருக்குப் பச்சையா இருந்தாலும் மஞ்சளாத்தான் தெரியும்" என்று சிரித்துவிட்டுத் தம்பி குளிக்கப் போனான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோடுகள் உள்ள பக்கத்தைத் திறந்தேன். சோதனைக் கட்டத்தை இழுத்து வந்து நடுவில் வைத்து, அதில் பதின்மூன்று புள்ளி இரண்டு என்று போட்டேன். நல்ல பேட்டரிக்கு அது சரியான அளவு என்று தம்பி ஒருமுறை டாக்டரிடம் சொன்னது காதில் இருந்தது. மலையிலிருந்து வரும் கோட்டை அழித்தேன். சோதனைக் கட்டத்திலிருந்து முள்ளுக்குப் புதுக் கோடு இழுத்தேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். முள் பச்சைக்குப் போய் நின்றது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு சுலபம். எழுபத்தொரு வயதுக் கிழவன் செய்யும்படி அவ்வளவு சுலபமாக அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அதிகாரிக்கு எல்லாம் பிடித்துப்போனது. தம்பி விளக்கினான், டாக்டர் தலையாட்டினார், தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்தாள். கொக்கி மட்டும் திரையை உற்றுப் பார்த்தான்.

"என்னண்ணே, நேத்து மஞ்சள்ல இருந்துச்சு? இன்னிக்கு மாப்பிள்ளை மாதிரி நிக்குது!"

"வெயில் நல்லா அடிக்குதுல்ல" என்றான் தம்பி. அவனும் அப்போதுதான் கவனித்திருந்தான். முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அதற்குள் அதிகாரி வேறு ஏதோ கேட்டார்.

"அப்ப மழைக்காலம் முடிஞ்சு மாத்திக்கலாம். எனக்கும் முட்டி வலி" என்றான் கொக்கி.

தங்கை கணவர் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், காத்து பதில் சொல்லிடுச்சு போலிருக்கே!" அந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தனையும். அன்று தெருமுனை வரை அவருடன் நடந்து போய் வழியனுப்பினேன்.

அன்றே எடுத்துவிட நினைத்தேன். தம்பி அறையை விட்டு நகரவில்லை. மறுநாளும் அப்படியே. அவனிடம் சொல்லியிருக்கலாம். 'ஒரு எண்ணை மாத்தி வச்சேன்டா' என்று நான்கு சொல். அளவு ஆய்வாளன் அதைச் சொல்ல முடியவில்லை. நான்காம் நாள் அவன் வேலைக்குப் போனபின் ஏறினேன். சோதனைக் கட்டத்தை அழித்தேன். மலைக் கோட்டைப் பழையபடி முள்ளோடு சேர்த்தேன். எல்லாம் முன்போலவே இருந்தது. பக்கத்தை மூடும்போது திரையில் ஏதோ கேட்டது. சரி என்பதை அழுத்தினேன்.

சிவப்புப் பொத்தானை அழுத்தவில்லை.

அதை அழுத்தாதவரை, வரைந்தது வெறும் படம்தான். பழைய கோடுகளே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். திரை என்னைக் கேட்டதும் அதைத்தான்: மாற்றியதை விட்டுவிட்டுப் போகலாமா என்று. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முள் பக்கத்தைப் பார்த்தேன், பதின்மூன்று புள்ளி இரண்டு. வெயிலில் தானாகத் தேறிவிட்டது என்று எண்ணிக்கொண்டு இறங்கினேன். தம்பி தினமும் பார்ப்பது முள் பக்கத்தை. கோடுகள் உள்ள பக்கத்தை மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் அதிகம். அடுத்த இரண்டு வாரமும் முள் ஒரு மயிரிழை அசையவில்லை. அசையாத முள்ளைக் கண்டதுமே தராசைப் பறிமுதல் செய்தவன் நான்.

பிறகு மழை பிடித்தது. ஆறு நாள் வெயில் இல்லை.

ஏழாம் நாள் பகல் இரண்டு மணிக்கு, மலைக்கு இந்தப் பக்கம் உள்ள அணையிலிருந்து மதகுக் காவலாளி ரேடியோவில் கூப்பிட்டார். கீழ்க்கரையில் மூன்று பேர் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் கொக்கி. மதகைத் திறக்கப்போகிறார்கள், நாற்பது நிமிடத்தில் தண்ணீர் அங்கே வரும், மேடேறச் சொல்லுங்கள் என்பது செய்தி. தம்பி உடனே கொக்கியைக் கூப்பிட்டான். மலையிலிருந்து கொக்கியின் குரல் ஒரு நொடி வந்தது, அறுந்தது. மறுபடி ஒரு நொடி.

"பேட்டரி இறங்கினா இப்படித்தான் வெட்டும்" என்று முணுமுணுத்தபடி திரையைப் பார்த்தான். பதின்மூன்று புள்ளி இரண்டு. பச்சை.

"பேட்டரி இல்ல. ஆன்டெனா கேபிள்ல தண்ணி எறங்கியிருக்கும். இல்லன்னா கொக்கியோட செட்." மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "கொக்கி, உன் செட்ல பேட்டரிய மாத்து! கேக்குதா? செட்ட மாத்து!"

நான் கதவருகே நின்றிருந்தேன். தம்பி மனைவி பேரிடர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முயன்றுகொண்டிருந்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. கீழ்க்கரையில் மொபைல் கோபுரம் காலையிலேயே விழுந்திருந்தது. தம்பி சக்தியைக் கூட்டினான், குறைத்தான், கேபிள்களை அசைத்துப் பார்த்தான். இரண்டு முப்பத்தெட்டுக்கு, "எதுக்கும் பாப்போம்" என்று தன் கையாலேயே மாற்று பேட்டரிக்குத் தாவச் சொன்னான். அடுத்த நொடி கொக்கியின் குரல் கண்ணாடிபோலக் கேட்டது.

"...என்னண்ணே, அரை மணியா செட்ட மாத்து செட்ட மாத்துன்னு? என்கிட்ட ஒரு செட்டுதான் இருக்கு. புது செட்டு வாங்கித் தர்றீங்களா?"

"மேல ஏறு! தண்ணி வருது, மூட்டையப் போட்டுட்டு ஏறு!"

மற்ற இருவரும் ஏறினார்கள். கொக்கியின் முட்டி அவனை விடவில்லை. உடலை மறுநாள் மாலை எடுத்தார்கள்.

வெள்ளம் வந்த அன்றே, இருட்டுவதற்கு முன்பு, தம்பி கோடுகள் உள்ள பக்கத்தைத் திறந்தான். நடுவில் சோதனைக் கட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. என் எண் அதில் இருந்தது. நான் பின்னாலிருந்து அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவன் திரைக் கண்ணாடியில் பார்த்தான்.

"அண்ணா," என்றான், திரும்பாமல். "நீ கீழ போ."

கொக்கி போன எட்டாம் நாள் பல் டாக்டரின் மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள கிளப் அறையில் கூட்டம். கிளப்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தங்கை கணவர், நாங்கள் மூவர், கொக்கியின் அக்கா. பள்ளி வேன் ஓட்டுகிற அந்தப் பெண் சீருடையோடு வந்திருந்தார்.

தம்பி எழுந்தான். "சோதனைக்காக ஒரு எண்ணைப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

ஊரே கேட்கும்படி எங்கள் வீட்டின் மேல் ஒரு சொல் விழுந்துகொண்டிருந்தது. அது தம்பியின் மேல் விழ வேண்டியதல்ல. நான் எழுந்தேன்.

"அவன் போடல. நான் போட்டேன். அதிகாரி வர்ற அன்னிக்கு, அவன் குளிக்கப் போனப்ப."

டாக்டர் என்னை ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஐயா, உக்காருங்க. உங்க மனசு எங்களுக்குப் புரியுது."

"மனசு இல்ல டாக்டர். நடந்தது."

"மச்சான்," என்றார் தங்கை கணவர். "செல்போன்ல நம்பர் சேக்கவே என்கிட்டதானே கொடுப்பீங்க?"

அது உண்மைதான். யாரோ கொஞ்சம் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். "கணினியைக் கொடுங்க. செஞ்சு காட்டறேன்" என்றேன். டாக்டர் தயங்கியபடி தம்பியின் மடிக்கணினியை என் முன் நகர்த்தினார். கட்டத்தைப் பிடித்தேன். அன்று காலை சுலபமாக வந்தது இப்போது வரவில்லை. கட்டம் நழுவியது. கோடு இழுத்தேன், அது எங்கும் போய் ஒட்டாமல் மறைந்தது. மூன்று முறை முயன்றேன். நான் நிமிர்ந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி வந்து மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

"நீ சொல்லுடா" என்றேன் தம்பியிடம்.

"நிலையம் என் பேர்ல இருக்கு. உள்ள யார் கை வச்சாலும் சட்டப்படி என் கைதான்" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல், "விடுண்ணா. அண்ணன் எனக்காகச் சொல்றார் டாக்டர்" என்றான்.

கொக்கியின் அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். "தப்ப யார் எடுத்துக்கறதுன்னு அண்ணனும் தம்பியும் போட்டி போடறீங்க. என் தம்பி அரை மணி நேரம் அந்த செட்டக் காதுல வச்சுகிட்டு நின்னிருக்கான். அதப் பத்தி யாராவது பேசினீங்களா?" எழுந்து வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தான். ரேடியோவைப் பிரித்து அட்டைப்பெட்டிகளில் கட்டினான். அவன் வேலை பார்த்த இடத்தில், "உன்ன நம்பி லிஃப்ட்ல ஆள் ஏத்த முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். என்னோடு சாப்பிடுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். அந்தக் காலையைப் பற்றி நான் வாயெடுத்தால் எழுந்து போய்விடுகிறான். டாக்டருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். என் மனம் பெரியது என்று பதில் வந்தது.

நான் தெருவில் போனால் கடைக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். முன்பு பயந்து எழுந்தார்கள். இப்போதைய மரியாதை வேறு. தங்கை கணவர் போகிற இடமெல்லாம் சொல்கிறாராம்: குடும்பத்தின் பெயருக்காக, தம்பி செய்த தப்பை அளவுக்காரர் தன் தலைமேல் போட்டுக்கொண்டார், அந்தக் காலத்து மனிதர் என்று.

அது பொய். தம்பி எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் யாருடைய தப்பையும் என் தலைமேல் போட்டுக்கொள்ளவில்லை. அந்த எண்ணைப் போட்டவன் நான்.