பிஸ்கட் டப்பாவில் கிடந்த வசனம்

அழகுராஜாவின் உடலைக் கூடத்தில் கிடத்தியபோது, தலைமாட்டுக்கு நேர் மேலே, டிவிக்குப் பக்கத்து ஆணியில் அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவன் மனைவி நாகஜோதி அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கொஞ்சமாவது தூங்கியிருப்பாள்.

அது வாக்குத்தத்த அட்டை. பாளையம்பட்டி சபையில் புது வருஷ ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்கவேண்டும். அதில் என்ன வசனம் இருக்கிறதோ, அதுதான் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் கர்த்தர் கொடுத்த வாக்கு. அழகுராஜா பரளச்சிப் பக்கத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி. குடித்துக் குடித்து ஆள் பாதியாகிப்போயிருந்தவன், அந்தச் சபைக்குப் போன பிறகுதான் பாட்டிலைத் தொடாமல் மனுஷனானான். அவன் எடுத்த அட்டையில் நீண்ட ஆயுசு தந்து திருப்தியாக்குவதாகக் கடவுள் சொல்லும் வசனம் இருந்தது. ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போய் ஜெராக்ஸ் கடையில் அதற்குக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு வந்தான்.

மாசி பிறந்தது. மக்காச்சோள மூட்டையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தவன், "தண்ணி குடு" என்று கேட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். நாகஜோதி சொம்போடு ஓடி வந்தாள். குடிக்க ஆள் இல்லை.

துட்டி விசாரிக்க வந்த கூட்டத்தில் அட்டையை முதலில் பார்த்தவள் அழகுராஜாவின் அக்கா முனீஸ்வரி. மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, எழுந்துபோய், எழுத்துக்கூட்டி அதைச் சத்தமாக வாசித்தாள்.

"பாருங்கப்பா! நீண்ட ஆயுசாம்ல! என் தம்பிக்கு நாப்பது வயசு தாண்டி ரெண்டு பொங்கல் ஆகல. இதுதான் ஒங்க சாமி குடுத்த ஆயுசா?"

மூலையில் நின்ற பாஸ்டர் செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். நாகஜோதியின் கண் அந்த அட்டையிலேயே நின்றுவிட்டது. குலசாமியை விட்டுப் போனதால்தான் இந்தக் கதி என்று ஊர் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடவுள் ஏமாற்றினார் என்றால் இனி யாரை நம்புவது?

அன்று பிடித்ததுதான் அவளுக்கு அந்தப் பழக்கம். இடது மணிக்கட்டின் மேல் வலது கை விரல் இரண்டு எப்போதும் இருக்கும். சோறு வடிக்கும்போதும் ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போதும் நடுவில் நிறுத்தி நாடியைப் பிடித்துப் பார்ப்பாள். கொஞ்சம் வேகமாக அடித்தால், அவ்வளவுதான், தன் கதையும் முடிந்தது என்று உள்ளங்கால் குளிர்ந்துபோகும். தானும் போய்விட்டால் விருதுநகர் ஹாஸ்டலில் படிக்கும் மகளுக்கு யார் இருக்கிறார்கள்? கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் சின்ன மிஷினைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள்.

அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் ஓயாமல் போனாள். ஒவ்வொரு தடவையும் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"உங்க இருதயத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. பயம்தான். உங்க வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களக் கூட்டிட்டு வாங்க. அவருக்கு வந்த மாரடைப்பு ரத்தத்துல வர்றது, அவங்களத்தான் பாக்கணும்."

அவர் பேசும்போது நாகஜோதி தன் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. மனசில் விழவில்லை.

சபைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். பார்க்க வந்த சபைக்காரர்கள், ஏன் என்று கடவுளைக் கேட்பதே அவிசுவாசம் என்றார்கள். வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தவளுக்கு அவர்கள் தலையிலேயே அதை ஊற்றலாமா என்று இருந்தது.

மறுபடி மார்கழி வந்தது. புது வருஷ ஆராதனைக்கு அழைப்பு வந்த அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். அதைச் சபையிலேயே வீசிவிட்டு, இனி உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவதென்று முடிவு. ஆடுகளைப் பக்கத்துத் தெரு முனீஸ்வரியிடம் விட்டாள். முகம் பார்த்துப் பேசுவது நின்றுபோய் மாதக்கணக்காகியும் ஆட்டைப் பார்த்துக்கொள்வதை மட்டும் அந்த அம்மாள் விடவில்லை.

"எங்க போற?"

"டவுனு வரைக்கும்."

"டாக்டர்ட்டயா? போ, போ. இருக்கிறதெல்லாம் அவுகளுக்கே குடு," என்று கயிற்றை வாங்கிக்கொண்டு முனீஸ்வரி திரும்பி நடந்தாள். தெருமேட்டில் ஒரு தடவை நின்றாள். ஆடு இழுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு நாகஜோதி பஸ் பிடிக்க ஓடினாள்.

பாளையம்பட்டியில் சபைக் கதவு திறந்திருந்தது. பாஸ்டர் இல்லை. பாஸ்டரம்மா ஹெப்சி மட்டும் பாயில் உட்கார்ந்து, அச்சாகி வந்த அட்டைகளைக் கடை பரப்பியிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து, சிலதைத் தாம்பாளத்திலும் சிலதைப் பக்கத்தில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்தோத்திரம், வாங்க சிஸ்டர்!" என்றவரின் கை டப்பாவை மெதுவாகப் பின்னால் தள்ளியது.

திட்டுவதற்கு வழிநெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் நாகஜோதிக்கு அந்த ஒரு தள்ளலில் மறந்துபோயிற்று. "அதென்னம்மா டப்பாக்குள்ள?"

"அது… அது வேண்டாததும்மா."

"வசனம்தானே? வசனத்துல வேண்டாதது உண்டா?"

ஹெப்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. மென்று விழுங்கிச் சொன்னார். ஒரு வருஷம் ஒரு அக்கா சாவைப் பற்றிய வசனத்தை எடுத்துவிட்டு, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து துரும்பாகிப் போனாராம். அதிலிருந்து அட்டைகள் அச்சாகி வந்ததும் கஷ்டம், கண்ணீர், மரணம் என்று வருகிறதையெல்லாம் ஹெப்சி தனியாக எடுத்துவிடுகிறார். பாஸ்டருக்குக்கூடத் தெரியாது.

"வருஷப் பிறப்பும் அதுவுமா சனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டுமேன்னுதாம்மா."

நாகஜோதிக்குத் தலை கிறுகிறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப எங்க வீட்டுக்காரரு எடுத்தது?"

ஹெப்சியின் கண் தாம்பாளத்துக்குப் போய்த் தாழ்ந்தது. அதுவே பதில்.

"ரேஷன் அரிசியில கல்லுப் பொறுக்குற மாதிரி நீங்க பொறுக்கி வச்சதா? தட்டுல நல்லது மட்டும்தான் கெடந்துச்சா? எதை எடுத்திருந்தாலும் சொகம், ஆயுசு, ஆசீர்வாதம்தானா? நான் இத்தன மாசமா கர்த்தரப் பொய்யரு, பொய்யருன்னு ஏசிக்கிட்டுக் கெடந்தேனே!"

கத்தியவளுக்கு நெஞ்சு டமடம என்று அடிக்க ஆரம்பித்தது. காது அடைத்தது. இதோ, இதுதான், இங்கேயேதான் என்று பாயில் சரிந்தாள். ஹெப்சி பதறி ஓடி வந்து அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். வழக்கமாக மூச்சு விடாமல் ஜெபிக்கும் அந்த வாயில் அன்றைக்கு ஜெபம் வரவில்லை. "என்ன மன்னிச்சிரும்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். அழுகையின் குலுக்கலிலேயே நாகஜோதியின் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சாகவில்லை.

அப்படியே கிடந்தவளின் கைக்கு எட்டிய தூரத்தில், ஹெப்சி ஓடி வந்தபோது தட்டிவிட்ட பிஸ்கட் டப்பா கவிழ்ந்திருந்தது. ஒன்றை எடுத்தாள். இந்த உலகத்தில் உங்களுக்குத் துன்பம் உண்டு, ஆனாலும் தைரியமாக இருங்கள் என்று இயேசு தம் சீஷர்களிடம் சொன்ன இடம். இன்னொன்று, பிறந்த நாளையே சபித்த ஒரு நீதிமானின் பேச்சு. அடுத்தது சிலுவையில் தொங்கியபடி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசுவே பிதாவைக் கேட்டது. நாகஜோதி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாஸ்டரம்மா, இத நான் கேட்டா அவிசுவாசம்னு நம்ம சபைக்காரவுகதான வந்து சொன்னாங்க?"

"சொன்னாங்க."

"இவரே கேட்டிருக்காரே! இத எதுக்கும்மா ஒளிச்சு வச்சீக?"

கடைசியாகக் கையில் வந்த அட்டையில் மொத்தமே மூன்று சொற்கள். நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டதைச் சொல்லும் வசனம். அவ்வளவு பெரிய அட்டையில் அந்த மூன்று சொல்லும் நடுவில் தனியாக நின்றன. அதைப் பார்த்ததும் வரப்பில் சொம்போடு நின்றதிலிருந்து அடைத்துக் கிடந்தது நாகஜோதிக்கு உடைந்துகொண்டது. தன் துட்டி வீட்டில் ஒருவர் இத்தனை நாளும் கூடவே உட்கார்ந்து அழுதிருக்கிறார், அவரைக் கொண்டுபோய் டப்பாவில் அடைத்துவிட்டார்கள். சந்தோஷமா, ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் டப்பாவிலிருந்து சிதறிய மிச்ச அட்டைகளை அள்ளித் தாம்பாளத்தில் போட்டாள். ஹெப்சி தடுக்கவில்லை. தன் கையாலேயே எல்லாவற்றையும் கலந்து கவிழ்த்து வைத்தார்.

ஆயுசு அட்டையை நாகஜோதி வீசவில்லை. மூன்று சொல் அட்டையையும் அதோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்து, அழகுராஜாவின் படத்துக்குக் கீழே, அதே ஆணியில் புது அட்டையை மாட்டினாள். ஆட்டைக் கட்டிவிட்டு முனீஸ்வரி உள்ளே வந்தாள். கண் நேராக ஆணிக்குத்தான் போனது.

"அடுத்த அட்டையா? இது என்னத்தக் குடுக்குதாம்?"

"ஒண்ணும் குடுக்கல மதினி. வாசிங்க."

முனீஸ்வரி வாசித்தாள். நெற்றி சுருங்கியது. "யாரு அழுதது? ஒங்க சாமியா?"

"ஆமா. கூட்டாளி செத்துப்போனான். அவன் கூடப் பெறந்தவளுக ரெண்டு பேரு. நீ வந்திருந்தா என் பெறந்தவன் செத்திருக்க மாட்டானேன்னு அவரு மூஞ்சிக்கு நேராவே கேட்டாளுக."

"கேட்டாளா? பெறந்தவளா?"

"ஆமா மதினி. ஒங்கள மாதிரியே."

"அதுக்கு அவரு கோவிக்கலையா?"

"இல்ல. அழுதாரு."

முனீஸ்வரி அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பெறகு?"

"பெறகு எழுப்பிவிட்டாரு."

"என் தம்பிய எழுப்பலையே."

"இன்னைக்கு எழுப்பல மதினி. ஒரு நா எழுப்புவாருன்னு நம்புறேன். முழுசா நம்புறனான்னு கேட்டா தெரியல. அதுவரைக்கும் நம்மகூட அழுவாரு. அத இன்னைக்குத்தான் நம்பினேன்."

திட்டு வரும் என்றுதான் நாகஜோதி நின்றாள். வரவில்லை. முனீஸ்வரி தரையில் உட்கார்ந்து, "என் அய்யா, அழகுராசா" என்று ஒரு குரல் எடுத்தாள். பிறகு சட்டென்று குரல் நின்று, கை நெஞ்சைப் பிடித்தது. முகமெல்லாம் வேர்வை.

"மதினி! என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. தெருமேடு ஏறுனா இப்பிடித்தான் அடைக்கும். நின்னா சரியாப்போகும். ஐப்பசியில இருந்தே இருக்கு."

நாகஜோதி அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். காலையில் மேட்டில் நின்றது ஆடு இழுத்து அல்ல. கூடப் பிறந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னது, அத்தனை மாதம் கழித்து, இப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஒன் நாடியப் புடிச்சுக்கிட்டே அலையுற. ஒன்ட்டப் போயி என்னத்தச் சொல்ல?"

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நாகஜோதி தெருவுக்கு ஓடி, முக்கு வீட்டு அய்யப்பனைக் கத்திக் கூப்பிட்டு ஆட்டோவை எடுக்கச் சொன்னாள். பெரிய உடம்புக்காரியான முனீஸ்வரியை எப்படித் தூக்கி ஏற்றினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆட்டோ அருப்புக்கோட்டை ரோட்டில் பறந்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. நாகஜோதியின் இரண்டு விரலும் மணிக்கட்டில்தான் இருந்தன. இந்தத் தடவை முனீஸ்வரியின் மணிக்கட்டில்.

"ஜோதி, பயமா இருக்குடி. தம்பிக்கு வந்ததுதான. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

ஒண்ணும் ஆகாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொறுக்கித் தட்டில் வைக்கிற அட்டைதான் அதுவும். நாகஜோதி அதை விழுங்கினாள்.

"அது எனக்குத் தெரியாது மதினி. நான் கூட இருக்கேன். அவரும் இருக்காரு. ஆஸ்பத்திரி வந்துரும், கையை விடாதீக."

முனீஸ்வரி விடவில்லை.