ஓடைத் தண்ணீர்

என் அத்தானுக்குத் தொங்குகிற எதுவும் பிடிக்காது. வேலி போடுவது அவர் தொழில். கல்லை நட்டு, கம்பியை மாட்டி, கருவியால் முறுக்கி இழுத்து, விரலால் சுண்டிப் பார்ப்பார். கம்பி 'டங்' என்று பேச வேண்டும். பேசாவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். வீட்டிலும் ஜன்னல் திரை, துணிக் கொடி எல்லாம் விறைத்துக்கொண்டுதான் நிற்கும். ஆளும் அப்படித்தான். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு என் அக்கா, ரோடு முடிந்து, மாட்டுத் தடம் முடிந்து, அதற்கும் மேலே ஒரு மலைச் சரிவில் போய்க் குடியேறினாள். இரண்டு அறை, மேலே தகரக் கூரை. வேலி மட்டும் பிரமாதம். தண்ணீர்தான் கிடையாது. கீழே ஓடையிலிருந்து அக்கா சுமந்து வந்தாள். மேலே பாறை இடுக்கில் கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. "அடுத்த வருஷம் பைப் போட்டு இறக்கிடுறேன்" என்பார் அத்தான். அந்த அடுத்த வருஷம் கல்யாணமான நாளிலிருந்து அடுத்த வருஷமாகவே இருந்தது. நான் டவுனில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். போகும்போதெல்லாம் குத்திக் காட்டுவேன். அக்காதான் குறுக்கே விழுவாள்.

"உனக்கென்னடா வலிக்குது? சுமக்கிறவ நான்."

பிறகு அவள் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. என் ஜன்னல்கிட்ட படுத்துக்கிட்டே போயிடுறேன்."

இப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸம்மா ஒருவர் இருந்தார். நல்ல மனசு, கறாரான பேச்சு. "புண்ணைக் கழுவணும், துணி அலசணும். குழாயைத் திறந்தா தண்ணி வரணும். வராத வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன். அனுப்பின பிறகு வரலைன்னு தெரிஞ்சாலும் அன்னிக்கே வண்டி வெச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றார்.

அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாரமே கறுப்புப் பைப் சுருள்கள் மலையேறின. நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன்.

ஊற்றிலிருந்து வீட்டுத் தொட்டி வரைக்கும், புதருக்குள்ளும் பாறை மேலும், கொளுத்துகிற வெயிலில் பைப்பை இறக்கினோம். சூட்டில் அது இளகிப்போய்ச் சொன்னபடி கேட்டது. அத்தான் சும்மா விடுவாரா? கம்பி இழுக்கிற கருவியைக் கொண்டுவந்து மாட்டி, ஒவ்வொரு துண்டையும் இழுத்து, விறைப்பாக வைத்துத்தான் அடுத்த துண்டோடு சேர்த்தார்.

"அத்தான், இது தண்ணி போற பைப்பு. திருடனைத் தடுக்கிற வேலி இல்ல."

"நெளிஞ்சு கிடந்தா அது ஒரு வேலையா மாப்ளே? பாக்கிறவன் சிரிப்பான்."

"எவன் சிரிப்பான்? இங்க சிரிக்கிறதுக்கு ஒரு ஆடுகூட இல்ல."

ஆனால் தண்ணீர் வந்தது. குழாய் இருமியது, செம்மண்ணைத் துப்பியது, அப்புறம் கண்ணாடியாகக் கொட்டியது. அத்தான் தலையைக் குழாய்க்குக் கீழே கொடுத்து நின்றார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் நர்ஸம்மா வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "காலையில கூட்டிட்டு வரேன்" என்றார். மிச்சப் பொழுதெல்லாம் வீட்டைக் கழுவினோம், போர்வைகளை அலசினோம். இருந்த தண்ணீரெல்லாம் தீர்ந்தது. அதனால் என்ன, ஊற்று ஓடுகிறதே என்று இருந்துவிட்டோம்.

விடியற்காலைக் குளிர் எலும்பில் ஏறியது. குழாயைத் திறந்தால் வெறும் காற்று. மேலே ஓடிப் பார்த்தோம். இரண்டு இடத்தில் பைப் ஜாயிண்ட்டை விட்டுக் கழன்று, தண்ணீர் புதருக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்காவை ஏற்றிய வண்டி அந்நேரம் கிளம்பியிருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தான் ஒரு கம்பின் இரண்டு பக்கமும் கேன்களை மாட்டிக்கொண்டு ஓடைக்கு இறங்கிவிட்டார். ரோடு முடிவில் வண்டியை விட்டு, ஆட்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது தொட்டியில் கால்வாசித் தண்ணீர் இருந்தது. நர்ஸம்மா கை கழுவக் குழாயைத் திறந்தார். வந்தது. அத்தான் அப்போதுதான் மூச்சு விட்டார்.

அக்காவை ஜன்னலோரம் படுக்க வைத்தோம். அத்தான் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"ஊத்துத் தண்ணி. குடி."

அக்கா ஒரு வாய் குடித்தாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஜில்லுன்னு இருக்குங்க" என்றாள்.

அன்றைக்கே ஜாயிண்ட்டுகளைச் சேர்த்தோம். மறுநாள் விடியும்போது வேறு இடத்தில் கழன்றிருந்தது. "தொய்வு இருந்திருக்கு மாப்ளே, அதான்" என்று சொல்லி, உச்சி வெயிலில் போய் இன்னும் இறுக்கி இழுத்தார். அதற்கு மறுநாள் இன்னொரு இடம்.

"எவனோ வேணும்னே புடுங்குறான்."

"இந்தக் காட்டுல உங்க மேல பொறாமைப்பட யார் இருக்கா அத்தான்?"

"அப்ப பன்னி."

பன்றிக்காக முள் வெட்டிப் போட்டார். பைப்பை இறுக்கினார். இறுக்க இறுக்கக் கழன்றது. பகலில் சேர்த்ததும் வருகிற தண்ணீர், புண் கழுவவும் துணி அலசவுமே தீர்ந்துவிடும். தினமும் இருட்டுப் பிரியும் முன்னால் கேன்களோடு இறங்கி, அக்கா கண் விழிப்பதற்குள் தொட்டியை நிரப்பிவிடுவார். "அவகிட்ட மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு அவளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என்னிடம் அவர் சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை பேசியதே இல்லை.

அடுத்த முறை வந்த நர்ஸம்மா அக்காவின் நாக்கைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "வறண்டு கிடக்கே. தண்ணி ஏன் குடிக்கிறதில்ல?"

"இறங்கலைம்மா" என்றாள் அக்கா.

அத்தான் நர்ஸம்மாவை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடப் போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் இறங்கும். ஒழுங்கா குடி. தண்ணிதானே, என்ன தங்கமா?" என்று டம்ளரை நீட்டினேன்.

"அவர் தோள் கன்னிப்போயிருக்கே, பாத்தியாடா?" என்றாள் அக்கா.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இலை ஊறின வாசம் அடிக்குது. ஓடைத் தண்ணி. இத்தனை வருஷம் சுமந்தவ நான், ஒரு வாய் வெச்சா தெரியாதா? நான் ஒரு டம்ளர் குடிச்சா அவர் ஒரு நடை கூட நடக்கணும். என்ன வயசுடா அவருக்கு?"

"அதுக்காகத் தொண்டையைக் காயப்போடுவியா? அவர்கிட்டயே சொல்லிடுறேன், இரு."

"சொல்லாதே." கையைத் தூக்க முடியாமல் விரலை மட்டும் தூக்கினாள். "எனக்குப் பைப் போட்டுட்டேன்னு இருக்கார். அப்படியே இருக்கட்டும். வெயில்லதானே இழுத்துக் கட்டினார்?"

"ஆமா."

"நம்ம பிளாஸ்டிக் கொடி நினைவிருக்கா? மத்தியானம் தொங்கும். அவருக்குப் பொறுக்காது, இழுத்துக் கட்டுவார். காலைக் குளிர்ல அது சுருங்கி ஆணியோட பிடுங்கிட்டு வந்துடும். எத்தனை ஆணி! அவர் இல்லாதப்ப நான் லூசாக்கி விடுவேன், அப்புறம் நிக்கும். பைப்பும் அதேதான். மிச்சம் கிடக்கிற சுருளை அங்கங்கே வெட்டிச் சேர்த்து, தொளதொளன்னு விட்டுட்டு வா."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இறுக்கியதையெல்லாம் சத்தமில்லாமல் தளர்த்திவிட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள் என் அக்கா. நான் என்னவோ அவள் வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம், அசந்துபோன அத்தான் அவள் கட்டிலடியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். நான் மேலே போய் அவள் சொன்னபடி செய்தேன். பைப், குடித்தவன் நடந்த தடம் மாதிரி சரிவெல்லாம் வளைந்து கிடந்தது. திரும்பி வந்தபோது அக்காவுக்கு நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. சாயங்காலத்துக்குப் பிறகு அவள் பேசவில்லை.

விடியலில் அத்தான் வழக்கம்போல ஓடைக்கு இறங்கினார். நான் வாசலில் நின்றேன். அதே குளிர். ஆனால் அவர் போன கொஞ்ச நேரத்தில் தொட்டி நிரம்பி, வழிந்து, கல்லில் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. கேன்களோடு மேலே ஏறி வந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். தொட்டியைப் பார்த்தார். சரிவில் நெளிந்து கிடந்த பைப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவரோ கேன்களை வாசலில் இறக்கிவிட்டு, குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அக்காவால் விழுங்க முடியவில்லை. ஒரு துணியை நனைத்து உதட்டில் வைத்தார். "இந்தா, ஊத்துத் தண்ணி" என்றார்.

அவள் நாக்கு அசைந்தது. கண்ணைத் திறந்தாள். "ஆமா, இது ஊத்துதான்" என்றாள். பிறகு வெகு நேரம் மூச்சு வாங்கினாள். இனிப் பேச மாட்டாள் என்றே நினைத்தோம்.

"ஓடைத் தண்ணியும் நல்லாத்தாங்க இருந்துச்சு."

அத்தான் கையில் அந்தத் துணி அப்படியே நின்றது. ஒரு வாய் மட்டும் குறைந்து திரும்பி வந்த டம்ளர்களெல்லாம் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். "தெரிஞ்சுதான் குடிக்காம இருந்தியா?" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏய், தெரிஞ்சுதானா? சொல்லு" என்று மறுபடி கேட்டார். மறுபடி மறுபடி கேட்டார். அப்புறம் கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். வெயில் ஏறுவதற்குள் அவள் போய்விட்டாள்.

கீழேயிருந்து இரண்டு பெண்கள் அவளைக் குளிப்பாட்ட வந்தார்கள். நர்ஸம்மாவும் வந்திருந்தார். குழாயடியில் பாத்திரத்தை வைத்துத் திறந்தார்கள். தண்ணீர் அத்தனை வேகமாகக் கொட்டியது. அத்தான் எழுந்து போய்க் குழாயை மூடினார். வாசலில் காலையில் இறக்கி வைத்த கேன்கள் இருந்தன. இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் வைத்தார்.

"இதுல குளிப்பாட்டுங்க" என்றார். "இது அவ குடிக்கிறதுக்குக் கொண்டுவந்தது."