முப்பத்து நான்கு நாட்கள்

எங்கள் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. குடும்ப நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் பதினாறு கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். தட்டச்சு செய்ததும் நான்தான், ஒட்டியதும் நான்தான். கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை மாற்றியும் ஒட்டினேன். அந்தத் தாளின் மேலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு அதே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள்.

அன்று பத்து மணிக்குள் நான்காவது கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பிள்ளையைக் காட்டவில்லை என்றால் மாதப் பணத்தை நிறுத்தலாமா? கூடாது. பணம் வரவில்லை என்றால் பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாமா? அதுவும் கூடாது, அது வேறு இது வேறு. யாரிடம் இருக்க வேண்டும் என்று பிள்ளையையே கேட்பார்களா? வயதைப் பார்த்துக் கேட்பார்கள், ஆனால் பிள்ளை சொன்னதே தீர்ப்பாகாது.

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?" என்று ஒருவர் என்மேல் எரிந்து விழுந்தார். சட்டத்தை நான்தான் வீட்டில் உட்கார்ந்து எழுதி எடுத்து வந்தேன் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் வக்கீல் இல்லை. இந்த இலவச சட்ட உதவி அறையில் மனு எழுதுகிறவள். வக்கீல் உள்ளறையில் இருக்கும் அக்கா. கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். குரல் மட்டும் வெளியே வரும்.

பத்தே காலுக்கு அந்தத் தம்பதி வந்தார்கள். அவர் கடைகளுக்குப் போய்த் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளர். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, இரண்டு பேனா. அவள் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். நான் கொடுத்த படிவத்தை, பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். ஒன்பது வயதில் ஒரே பெண். இருவரும் சேர்ந்து விவாகரத்து கேட்கிறார்கள். கூட்டு மனு.

எனக்குக் கூட்டு மனு பிடிக்கும். அழுகை குறைவு, வேலை சுருக்கமாக முடியும். அன்று நேரம்தான் குறைவாக இருந்தது. மறுநாளிலிருந்து ஆறு வாரம் கோர்ட் விடுமுறை. பன்னிரண்டு மணிக்குள் கீழே கவுண்டரில் சேரும் கூட்டு மனுக்களை விடுமுறை நீதிபதி பத்து நாளில் முடித்துக் கொடுப்பார். தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அவளுக்கோ அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேறு ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை மருந்தாளுநர் வேலை. மகளும் கூடப் போகிறாள். அந்த ஊர்ப் பள்ளியில், பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறாள் என்று கோர்ட் உத்தரவு காட்டினால்தான் இடம்.

"உத்தரவு இல்லேன்னா பாப்பாவுக்கு ஸ்கூல் இல்ல. ஸ்கூல் இல்லேன்னா நான் போக முடியாது. இந்த வேலைக்கு ஏழு வருஷமா நின்னுக்கிட்டிருக்கேன் மேடம்" என்றாள்.

"அதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கைப்பை வைக்கும் இடைவெளி. கைப்பையும் இருந்தது.

"நான் எதுக்குச் சொல்லணும்? பக்கத்துலதானே இருக்காங்க."

"வீட்டுல பாப்பா மூலமாத்தான் பேசிக்குவோம். பாப்பா இப்ப ஸ்கூல்ல இருக்கா" என்றாள் அவள். அன்று பாப்பாவுக்குப் பதில் நான் என்று ஆயிற்று.

பிள்ளை விஷயம் பதினைந்தே நிமிடத்தில் முடிந்தது. பள்ளி நாட்களில் அம்மாவிடம், நீண்ட விடுமுறைகளிலும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் அப்பாவிடம். மாதச் செலவுக்குத் தர வேண்டிய தொகையைக் கோர்ட் அட்டவணையில் பார்த்துச் சொன்னேன். பல்லுக்குக் கம்பி போட வேண்டியிருக்கிறது, கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்றார். கூட்ட வேண்டாம், அட்டவணையில் உள்ளதே போதும் என்றாள். குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன்.

"உள்ளதைப் போடு. பல்லுக்குத் தனியா ஒரு வரி எழுது" என்று உள்ளேயிருந்து அக்கா சொன்னார். எழுதினேன். மணி பத்தே முக்கால். கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது படிவத்தின் ஒன்பதாம் கேள்வி வந்தது.

மனு போடுவதற்கு முன் ஒரு வருடம் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வீட்டு வாடகை எல்லோராலும் முடியாது என்பதால், ஒரே வீட்டுக்குள் பிரிந்து வாழ்ந்தாலும் செல்லும். இவர்கள் அப்படித்தான். பதின்மூன்று மாதமாக அவர் ஹாலில், அவளும் மகளும் அறையில். ஃப்ரிட்ஜில் நீல டேப் ஒட்டி, மேல் இரண்டு தட்டு அவருக்கு, கீழே உள்ளவை அவளுக்கு. சமையல் தனி, துணி தனி, சோப்புகூடத் தனி.

"இடையில சேர்ந்து வாழ்ந்த நாள் எத்தனை?" என்று கேட்டேன். பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துக்கொண்டேதான் கேட்டேன். எல்லோரும் பூஜ்யம் என்பார்கள். நான் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

அவர் நோட்டை எடுத்தார்.

"முப்பத்திநாலு."

பேனா நின்றது. முப்பதுக்குள் இருந்தால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். முப்பதைத் தாண்டினால் ஒரு வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதைச் சொன்னேன்.

"எப்ப நடந்தது?"

"பிரிஞ்ச ஆறாவது மாசம். பாப்பா ஊஞ்சல்ல இருந்து விழுந்து கை உடைஞ்சது. கட்டு போட்டப்ப ரெண்டு பேரும்தான் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டோம். சமையல் அவங்க ஒருத்தரே. துணி எல்லாருக்கும் நான். ஒரே மேஜையில சாப்பாடு. டேப்பைக்கூட எடுத்துட்டோம்."

அப்படியானால் கணக்கு ஏழாவது மாதத்திலிருந்து. இன்னும் ஐந்து மாதம் கழித்து வர வேண்டும்.

"கட்டு போட்டது நாலு வாரம். இருபத்தெட்டு நாள்னு இவர்கிட்ட சொல்லுங்க மேடம்" என்றாள் அவள். "பிரிஸ்கிரிப்ஷன் இருக்கு, காட்டுறேன்."

"கட்டு இருபத்தெட்டு நாள்தான். கட்டுப் பிரிச்ச பிறகும் ஆறு நாள் அப்படியேதான் சாப்பிட்டோம்."

"ஏன்?" என்று நானே கேட்டுவிட்டேன்.

அவர் யோசித்தார். "யாரும் நிறுத்தச் சொல்லல."

"முப்பத்தஞ்சாம் நாள்?"

"ஈரத் துண்டைப் படுக்கை மேல போட்டேன்னு சத்தம் வந்தது. சாயங்காலம் வந்து பாத்தா டேப் ஒட்டியிருந்தது."

"புதுசாத் துவைச்ச விரிப்பு மேடம்" என்றாள் அவள்.

எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. மணி பதினொன்று பத்து. வெளியே பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "சார், இந்த நாளையெல்லாம் வீட்டுக்கு வந்து யாரும் எண்ணிப் பாக்கப் போறதில்ல."

"கடைக்காரங்களும் இதையேதான் சொல்லுவாங்கம்மா. அஞ்சு கிராம்தானே, யார் பாக்கப் போறாங்கன்னு. கீழ நான் கையெழுத்து போடணும். உண்மைன்னு சத்தியம் செய்றேன்னு போட்டிருக்கு."

"கேட்டீங்களா?" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "பதினோரு வருஷம் இதான். விருந்தாளி 'சாப்பாடு பிரமாதம்'னு சொன்னா, உப்பு கம்மின்னு சொல்லுவாரு. சமைச்சது நான். சொல்றது என் வீட்டு விருந்தாளிகிட்ட. இப்ப பாருங்க, நான் போறது பிடிக்கல. வேணாம்னு நேராச் சொல்ல வாய் வரல. நோட்டை எடுத்துட்டாரு."

"போகட்டும்னுதான் சொல்றேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"இருபத்தெட்டுன்னு போட்டாத்தான் போக முடியும்னு இவர்கிட்ட சொல்லுங்க."

"பொய்ச் சத்தியம்னு நாளைக்குத் தெரிஞ்சா உத்தரவே செல்லாமப் போயிடும். பாப்பா பாதி வருஷத்துல ஸ்கூலை விட்டு வரணும். அதையும் சொல்லுங்க."

"நான் என்ன தபால்காரியா?" என்றேன். சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. வெளியே பெஞ்சில் பேச்சு நின்றது. அவள் கைப்பையின் பித்தளைக் கொக்கியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, ஆனால் அந்தக் கொக்கியின் சத்தம் என்னால் தாங்க முடியவில்லை. ஏழு வருடம் காத்திருந்த வேலை ஆறு நாள் சாப்பாட்டினால் போகப்போகிறது. அவரைப் பார்த்தேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு, அதன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யும் சொல்ல முடியாத, மெய்யைச் சொல்லியும் நிம்மதியில்லாத ஒரு மனுஷன்.

"என்ன அங்க சத்தம்?" என்று அக்கா கேட்டார்.

போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"கேள்வியைப் படி."

"இடையில சேர்ந்து வாழ்ந்த நாள்..."

"படிவத்துல இருக்கிறதைப் படி. உன் வாய்க்கு வர்றதைப் படிக்காத."

படித்தேன். "மேற்படி காலத்தில் மனுதாரர்கள் மீண்டும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்த நாட்களின் எண்ணிக்கை."

"பிள்ளைக்குக் கை உடைஞ்சா பெத்தவங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நிப்பாங்க. அது அப்பா அம்மா. அதுக்கு யாரும் கணக்கு கேக்கல. கணவன் மனைவியா எத்தனை நாள்? அதை அவங்கதான் சொல்லணும். நாம சொல்லக் கூடாது. எத்தனை வருஷமா இந்தப் படிவத்தை எழுதுறே நீ?"

நான்கு வருடமாக எழுதுகிறேன். இந்தக் கேள்வியை நான்கு வருடமாகப் பாதி விழுங்கித்தான் கேட்டிருக்கிறேன். சுவரில் ஒட்டிய தாளைப் படிக்காதவர்கள் மேல் எனக்கிருந்த கோபத்தில் கொஞ்சம் என் பக்கமே திரும்பியது.

திரும்பி வந்து அவர்களுக்கு முழுக் கேள்வியையும் வாசித்தேன். அக்கா சொன்னதையும் சொன்னேன். "அதனால, சமைச்சது, துவைச்சது எல்லாம் விடுங்க. அந்த முப்பத்திநாலு நாள்ல, கணவன் மனைவியா எத்தனை நாள்?"

அவள் உடனே "இல்லவே இல்ல" என்பாள், அவரும் தலையாட்டுவார், பூஜ்யம் போட்டுவிட்டு ஓடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இருவரும் படிவத்தையே குனிந்து பார்த்தார்கள். சுவரில் இருந்த மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் போனது. மணி பதினொன்று முப்பத்தைந்து.

"ஒரு நாள்" என்றார் அவர்.

நோட்டைத் திறக்காமலே சொன்னார்.

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கு. பாப்பா கை குச்சி மாதிரி இருந்தது. அவளே அதைப் பாத்துட்டு, இது என் கை இல்ல, மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு சொன்னா. பஸ்ல வீடு வர்ற வரைக்கும் மூணு பேரும் சிரிச்சோம். அன்னைக்குப் பூரா எனக்கு ஞாபகமே வரல." நோட்டின் அட்டையைத் தடவினார். "பிரிஞ்சிருக்கோம்கிறது."

அவள் கொக்கியை மூடினாள். மறுபடி திறக்கவில்லை.

"ரெண்டு நாள்" என்றாள்.

அவர் முதல் முறையாக அவள் பக்கம் திரும்பினார். "ரெண்டா? எது இன்னொண்ணு?"

"உங்க கணக்குல இருக்காது. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. மத்தியானம், சோபாவுல, கண்ணாடியோட. நான் கழட்டி வெச்சேன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக அவரிடமே சொன்னாள். "வெச்சுட்டு உடனே எழுந்து போகல. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அதுக்கும் கணக்கா?"

நோட்டுப் பக்கம் போன கையை அவர் இழுத்துக்கொண்டார்.

ஒருவர் தூங்கிக்கொண்டிருந்த நாள் கணக்கில் சேருமா சேராதா என்பதற்குப் பதினாறு கேள்விகளிலும் பதில் இல்லை. உள்ளே கேட்கலாமா என்று கதவைப் பார்த்தேன். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் அக்கா அசையாமல் இருந்தார்.

"ஒருத்தருக்கு மட்டும்னா எப்படி எழுதறது..." என்று இழுத்தேன்.

"ரெண்டுன்னே எழுதுங்கம்மா" என்றார் அவர். "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு என்று எழுதினேன். எண்ணிலும் எழுத்திலும். அவள் படித்துப் பார்த்தாள், அவர் படித்துப் பார்த்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் தன் இன்னொரு பேனாவை அவளிடம் கொடுத்தார். அவள் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் படியில் இறங்கி ஓடினேன். லிப்டுக்கு நிற்க நேரமில்லை. கவுண்டர் குமாஸ்தா மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கங்களைப் புரட்டி ஒன்பதில் நின்றார்.

"என்ன இது, ரெண்டு நாளா? எல்லாரும் சைபர்தானே போடுவாங்க."

"இவங்க ரெண்டு."

"செல்லும்ல?"

"முப்பதுக்குள்ளதானே. செல்லும்."

முத்திரை விழுந்தது. பதினொன்று ஐம்பத்தாறு.

மேலே வந்தபோது அறை வாசலில் ஏழு பேர் பத்துப் பேராகியிருந்தார்கள். அந்த இருவரும் அவர்கள் நடுவில், சரியாக வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பத்து நாளில் உத்தரவு வரும், பள்ளிக்கு நகல் கொடுக்கலாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அதற்குள் அவர் ஏதோ சொல்ல, அவள் அங்கே திரும்பிவிட்டாள்.

"இன்னைக்குச் செவ்வாய். பாப்பாவைக் கூட்டிட்டு வர்றது என் முறை."

"எனக்கு அரை நாள் லீவு. நானே போறேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்ப ரெண்டு பேரும் போவோம். வேற என்ன பண்றது."

"போகலாம்" என்ற அவர் அங்கிருந்து நகரவில்லை. நோட்டை எடுத்து, பல மாதங்களுக்கு முந்தைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "அது எந்தத் தேதி?"

"எது?"

"கண்ணாடி."

"தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம்? மழை பெஞ்சுக்கிட்டிருந்தது."

"மழை எழுதியிருக்கேன். அந்த முப்பத்திநாலு நாள்ல மூணு நாள் மழை."

அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். இரண்டு தலைகளும் அதன் மேல் குனிந்தன. பின்னால் நின்ற ஆள் அவர்களைச் சுற்றி வர வழியில்லாமல், சுவரில் ஒட்டிய தாளின் மேல் சாய்ந்தபடி கழுத்தை நீட்டி என்னைக் கேட்டார்: "ஏம்மா, பிள்ளையைக் காட்டலேன்னா மாசப் பணத்தை நிறுத்தலாமா?"

"வழியை விட்டுட்டு நின்னு தேடுங்க சார்" என்றேன் நான்.