இடது கோபுரத்து வாடிக்கையாளர்

எங்கள் ஹல் மார்னு ஊரின் கிறிஸ்தவக் கோவிலில், இடது கோபுரத்தில் வெறும் சாயத்தால் வரைந்திருந்த கடிகாரம், மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை ஓடத் தொடங்கியது. மால்டாவில் பல கோவில்களுக்கு இருப்பதுபோல் எங்களுக்கும் இரண்டு கடிகாரங்கள். வலது கோபுரத்தில் இருப்பது நிஜம், அது மனிதர்களுக்கு. இடது கோபுரத்தில் எப்போதும் நாலு நாற்பது, அது சாத்தானுக்கு. சாகிறவனின் ஆன்மாவைப் பறிக்க வருகிறவன் அதைப் பார்த்துக் குழம்பி, வேளையைத் தவறவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இருநூறு வருடங்களாக அதில் குறையொன்றும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை இரண்டு கடிகாரங்களும் ஒன்பது பத்து காட்டின. மீன் வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்து சிலுவை போட்டுக்கொண்டு, கணவாயின் விலையைக் கூவினார்.

காரணம் தெரிந்தவள் ரோமினா மட்டும்தான். அவள் ஸ்லீமா நகரத்தில் ஒரு இணையச் சூதாட்டக் கம்பெனியில் வேலை செய்தாள். விளம்பரத்தைப் பார்க்கிற நூறு பேரில் எத்தனை பேர் கணக்குத் தொடங்கிப் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் அங்கே பேச்சு. இரண்டு பேர் கட்டினார்கள். அதை உயர்த்துவது அவள் பொறுப்பு. பாதிப் பேருக்கு ஒரு விளம்பரம், மீதிப் பேருக்கு இன்னொன்று என்று காட்டி, எது ஜெயிக்கிறது என்று பார்ப்பார்கள். ஹென்ரிக் என்ற ஸ்வீடன்காரர் அவளுடைய மேலாளர். “எங்க ஊர்ல இதை இருநூறு வருஷமா பண்றோம் சார், ஆளுக்கேத்த கடிகாரம்” என்று சிரித்துச் சொன்னவள், இடது கோபுரத்துக் கடிகாரத்தைப் படமெடுத்து விளம்பரத்தில் போட்டாள். அதன் முட்கள் நாலு நாற்பதிலிருந்து நகரும். ஐந்து மணிக்குள் சேர்ந்தால் பரிசு. பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி நாலு நாற்பது. நூற்றுக்குப் பதினொரு பேர் பணம் கட்டினார்கள். ஹென்ரிக் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

விளம்பரம் உலகெங்கும் போகும் என்பதை யோசித்தவள், யார் யார் கண்ணில் படும் என்பதை யோசிக்கவில்லை. பொய்யில் பிறந்து வளர்ந்தவன் ஒருவன் அதைப் பார்த்தான். நாலு நாற்பது திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்ததும் இருநூறு வருட ஏமாற்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்டுபிடிக்கப்பட்ட பொய் சும்மா நிற்க முடியாமல் ஓடத் தொடங்கியது.

ரோமினாவின் அப்பா சல்வு ஈஸ்டரைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் இடது கோபுரம் நேராகத் தெரியும். இளவயதில் அவர் செய்த ஒரு காரியம் பங்குச்சாமி டுன் ஃபிலிப்புக்கு மட்டும் தெரியும். சாமி அதற்கு மன்னிப்பு கொடுத்துவிட்டார், சல்வுதான் அதை நம்பவில்லை. “அவனுக்கு மணி தெரிஞ்சுபோச்சு பொண்ணே” என்றார். “நான் போற நேரத்துக்கு வாசல்ல நிப்பான்.” அதன்பின் அவர் தூங்க மறுத்தார்.

ஊர் சந்தேகத்தில் இறுகியது. மணி கேட்டால் யாரும் நிஜம் சொல்லவில்லை, கேட்பவன் யாரோ. ஆண்கள் கைக்கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் மறைத்தார்கள். டுன் ஃபிலிப் பூசை மணியை நினைத்த நேரத்தில் அடித்தார். வழி தவறி வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் மணி கேட்கப்போய், பஸ் ஏறும்வரை உள்ளே குளம்பு இருக்குமோ என்று மூன்று பேர் அவருடைய காலணியைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்கள்.

ரோமினா விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தாள். கடிகாரம் நிற்கவில்லை. மறுபடி ஓடவிட்டு, வந்துபோனவர்களை ஆராய்ந்தாள். எந்த நாட்டிலிருந்து என்று தெரியாத ஒருவர் அதை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறையும் உள்ளே வரவில்லை. அவன் உள்ளே வந்து ஆட உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. உட்கார்ந்தவர்கள் எழுந்து அவள் பார்த்ததில்லை. அந்த ஒரு ஆளுக்கு மட்டும் விளம்பரங்கள் செய்தாள்: சிவப்புப் பொத்தான், இரட்டைப் பரிசு, ஜெயித்துச் சிரிக்கும் தம்பதி. அவன் அசையவில்லை.

பஸ்தீட்ஸி என்ற பலகாரம் விற்கும் கடைக்காரி சென்ஸாவுக்கு ரோமினாவின் வேலை எப்போதும் பிடித்ததில்லை. கண்ணாடித் தம்ளரில் தேநீரை வைத்துவிட்டு, “என்ன கண்ணு, முகமே சரியில்ல? ஏமாற ஆள் கிடைக்கலையா?” என்றாள்.

“ஒருத்தன் மட்டும் மாட்டமாட்டேங்கிறான் சென்ஸா.”

“பொய்யாவே சொன்னா எப்படி மாட்டுவான்? ஒருநாள் உண்மையைச் சொல்லிப் பாரேன். பிசாசே நம்பிடும்!”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரோமினா தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

அன்றைய விளம்பரத்தில் கடிகாரம் இல்லை. “இங்கே கடைசியில் ஜெயிப்பது நாங்கள்தான். நேரம் முடியாது. எழுந்து போகவும் மனம் வராது” என்று மட்டும் இருந்தது. உண்மையைப் பார்த்துப் பழக்கமில்லாத அந்த ஆள், அதில் ஏதோ பெரிய தந்திரம் இருப்பதாகச் சந்தேகப்பட்டு, என்னவென்று அறிய உள்ளே வந்தான். பிறந்த தேதியைக் காலியாக விட்டான். கட்டும் தொகை என்ற இடத்தில் ‘காத்திருப்பு’ என்று எழுதினான். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. முகவரி: இடது கோபுரம், ஹல் மார்னு.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சல்வு, “மணி என்னம்மா?” என்று கேட்டார்.

ரோமினா ஜன்னல் கதவைத் திறந்து வைத்தாள். “மூணு இருபதுப்பா.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான். அவன் ஆடிட்டிருக்கான். தோத்துட்டிருக்கான்.”

சல்வு தலையணையில் சாய்ந்தார். வாசலுக்கு யாரும் வரவில்லை. அவர் உயிர் போய்ச் சற்று நேரம் கழித்து, இடது கோபுரத்து முட்கள் நாலு நாற்பதுக்கு வந்து நின்றன. சாயம் காய ஒரு வாரம் ஆனது.

ஹென்ரிக் உண்மை விளம்பரத்தை எல்லா நாடுகளுக்கும் அனுப்பினார். நூற்றுக்குப் பதினான்கு பேர் உள்ளே வந்தார்கள். ரோமினா அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. வேலையை விடவும் இல்லை. அந்த ஒரு ஆள் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறானா என்று தினமும் பார்க்க வேறு ஆள் கிடையாது. அதிகம் தோற்பவர்களுக்குக் கம்பெனி வருடாவருடம் பரிசுக்கூடை அனுப்புவது வழக்கம். எங்கள் ஊருக்கும் ஒன்று வருகிறது. கோவில்பிள்ளை அதைத் தூக்கிப் போய்க் கோபுரப் படியில் வைப்பார், மறுநாள் கூடை காலியாக இருக்கும், ரசீதில் கையெழுத்து இருக்கும். போன வருடம் பாதாம் கேக்குக்குப் பதில் எலுமிச்சைக் கேக் வைத்துவிட்டார்கள். புகார் வந்தது, மாற்றிக் கொடுத்தார்கள்.