வியாழக்கிழமைக்கு நேரே

வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்த வெள்ளிக்கிழமை வாயாடிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வாரம் முழுக்க வகுப்பில் செய்ததை நோட்டில் எழுத வேண்டும். "உள்ளதை உள்ளபடி எழுதுங்க, நான் மட்டுந்தான் படிப்பேன்" என்று டீச்சர் சொன்னதை நம்பி, வியாழக்கிழமைக்கு நேரே அவள் எழுதித் தொலைத்துவிட்டாள்: "வகுப்பில் ஆளுக்கொரு கப்பில் போட்ட பயறில் என்னுடையது முளைக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரியின் கப்பில் முளைத்திருந்தது. யாரும் வருவதற்குள் இரண்டு கப்பின் பெயர்ச்சீட்டுகளையும் மாற்றி ஒட்டிவிட்டேன்."

இப்போது அதே டீச்சர், "பக்கத்துல இருக்கறவங்களோட நோட்டை மாத்திக்குங்க. சத்தமா படிக்கணும்" என்கிறார். பெரியவர்கள் பேச்சை நம்பினால் இப்படித்தான்!

நோட்டு கைமாறியது. முதல் ஆளாக அவளையே எழுப்பினார் டீச்சர்.

பக்கத்து சீட்டுக்காரி எழுதியிருந்ததை அவள் படித்தாள். "என் பயறு முளைக்கவில்லை. தண்ணீரை அதிகமாக ஊற்றி நானே அதைக் கொன்றுவிட்டேன்."

அடுத்த வரிக்குப் போகாமல் அவள் பக்கத்து சீட்டைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டே? படிம்மா."

பக்கத்து சீட்டுக்காரியின் விரல், வாயாடியின் நோட்டில், திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.